முக்காட்டைக் கழற்ற ஒரு கதவு

 

கொஞ்சம் நீளமான பதிவு. தவணைப் பரீட்சைத் தாள் திருத்துகிற வேலைக்கு நடுவில் மூன்று இரவாக எழுதினேன். ஆறுதலாக வாசியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மஹல்லாச் சகோதரர் ஒருவர், தன் பெற்றோரின் பெயரில் யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லம் கட்டித் தர விரும்புகிறார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அல்லாஹ் அவருடைய நிய்யத்தை ஏற்றுக்கொள்ளட்டும். ஊருக்கு வெளியே காணியும் பார்த்தாயிற்று. வரைபடம் வட்ஸ்அப் குழுவில் வந்தது. ஆண்களுக்கு ஒரு மண்டபம், பெண்களுக்கு ஒரு மண்டபம், ஒவ்வொன்றிலும் இருபது கட்டில். நடுவில் சாப்பாட்டு அறை. முன்னுக்கு அலுவலகம், அதற்கு மேலே பெயர்ப்பலகை.

அன்றிலிருந்து குழு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம், "அல்ஹம்துலில்லாஹ், கட்டாயம் தேவையான வேலை." மறுபக்கம், "எங்கட சமூகத்தில முதியோர் இல்லமோ? பெத்தவங்கள அங்க கொண்டுபோய் விடுறதோ? வெட்கம்." இரண்டு பக்கத்தையும் நான் முழுதாக வாசித்தேன். அந்த நாற்பது கட்டிலில் படுக்கப் போகிறவர் காலையில் எழுந்து எங்கே போவார், யாரோடு பேசுவார், தேத்தண்ணி குடிக்க நினைத்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை. அதைத்தான் நான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

1990 ஒக்டோபர் 30 அன்று எனக்கு ஒன்பது வயது. ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்ன நாளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த மாதத்தில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அன்று நாற்பது வயதில், இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பையுமாக நடந்த உம்மாவுக்கு 2025இல் எழுபத்தைந்து வயது. ஐம்பது வயதில் நடந்தவருக்கு எண்பத்தைந்து.

அந்தப் பிள்ளைகள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் படித்தார்கள். நானும் அப்படிப் படித்தவள்தான். பிறகு அங்கேயே தொழில், அங்கேயே கலியாணம், அங்கேயே வீடு. சிலர் நீர்கொழும்பு, சிலர் கொழும்பு, சிலர் கடல் கடந்து. 2002 சமாதான காலத்திலும், 2009க்குப் பிறகும் திரும்பி வந்தவர்களில் வயதானவர்கள்தான் பிடிவாதமாக இங்கே தங்கினார்கள். பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்கும் பெருநாளைக்கும் வந்து போகிறார்கள். "வாங்கோ உம்மா, எங்களோட வந்து இருங்கோ" என்று கேட்காத பிள்ளையை நான் காணவில்லை. "எனக்கு என்ர ஊர் மண்ணில மையத்தாகணும்" என்று சொல்லாத உம்மாவையும் காணவில்லை.

என்னோடு படிப்பிக்கும் இந்து ஆசிரியை ஒருவர் கோண்டாவில் பக்கம் இருக்கிறார். அவருடைய தாயாரின் தங்கைக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகள், ஐந்து பேரும் கனடாவிலும் லண்டனிலும். பெரிய வீடு, மாபிள் தரை, நாலு பக்கமும் மதில், கமரா. பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் வீடியோவில் கதைக்கிறார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அயல்வீட்டுக்காரருக்கே தெரிய ஆறு மணித்தியாலம் ஆனது. எங்களுக்கு வெளியேற்றம், அவர்களுக்கு இடம்பெயர்வும் புலம்பெயர்வும். வழி வேறாக இருந்தாலும் கடைசியில் ஒரே மாதிரியான ஒரு வெற்று வீட்டில்தான் வந்து நிற்கிறோம்.

2012 குடித்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கையில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு 12.4 பேர். அதற்குப் பிறகு இந்தப் பங்கு கூடிக்கொண்டுதான் போகிறது. பிள்ளைகள் பிறப்பது குறைந்துவிட்டது. பிறந்தவர்களில் எத்தனை பேர் கடவுச்சீட்டு அலுவலக வரிசையில் நிற்கிறார்கள் என்பதும் தெரியும். எனவே "தேவையா?" என்ற கேள்விக்கு என் பதில், தேவை.

இப்போது வெட்கம் என்ற விசயம்.

பெற்றோரிடம் "சீ" என்றுகூடச் சொல்லக் கூடாது என்பது எங்கள் மார்க்கத்தின் கட்டளை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது. தன்னைத்தானே பராமரிக்க முடியாத முதியவர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரலாம், அதற்கென ஒரு சபையும் உண்டு. மார்க்கமும் சட்டமும் பொறுப்பு யாருடையது என்று சொல்கின்றன. ஆனால் அந்தப் பொறுப்பை எங்கள் ஊரில் நடைமுறையில் சுமப்பது யார்? ஒரு மகள். அல்லது ஒரு மருமகள். அல்லது கலியாணம் ஆகாமல் தங்கிவிட்ட ஒரு சகோதரி. நாலு ஆண்பிள்ளைகள் கொழும்பிலிருந்து காசு அனுப்புவார்கள். பன்னிரண்டு வருடமாக இரவில் எழுந்து உம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பவள் ஒருத்தி. அவளுக்கே அறுபது வயது, அவளுக்கே நாரிப் பிடிப்பு. அவள் விழுந்தால் இரண்டு பேர் படுக்கையில்.

பிள்ளை இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஷஹீதான பிள்ளையின் படத்தோடு இருப்பவர்கள் இருக்கிறார்கள். மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதிக் கொடுத்து, மகளும் மௌத்தாகி, மருமகன் மறுமணம் செய்த வீட்டில் ஒரு மூலையில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களிடம் போய், இல்லம் என்பது வெட்கம் என்று சொல்லிப் பாருங்கள்.

அப்படியென்றால் அந்த வரைபடத்தை ஏன் ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்று கேட்பீர்கள். என் பெரியம்மாவின் கதையைச் சொல்கிறேன்.

பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா மௌத்தான பிறகு, நாங்கள் எல்லாரும் இடத்துக்கு இடம் அலைந்த காலத்தில், தெற்கில் ஓர் இல்லத்தில் அவரைச் சேர்க்க வேண்டி வந்தது. பெயர் வேண்டாம். அங்கே யாரும் அவரை ஏசவில்லை, அடிக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மருந்து. ஆனால் அது ஒரு மண்டபம். பதினான்கு பெண்கள். வாசலுக்குக் கதவு இல்லை, திரைச்சீலைதான். தண்ணீர்க் கான் தூக்குகிற ஆண் வருவார், மின்விசிறி திருத்துகிறவர் வருவார், டொக்டர் வருவார், அன்னதானம் கொடுக்கிற குடும்பம் பிள்ளை குட்டிகளோடு வந்து படம் எடுக்கும். எப்போது யார் வருவார் என்று தெரியாது. அதனால் பெரியம்மா முக்காட்டைக் கழற்றவே இல்லை. பகலிலும் இரவிலும், அந்த வெக்கையிலும், நித்திரையிலும் முக்காடு. ஒன்பது மாதத்துக்குப் பிறகு நான் பார்க்கப் போனபோது கழுத்தைச் சுற்றி வேர்க்குரு புண்ணாகியிருந்தது. "ஏன் பெரியம்மா, ராவைக்காவது கழட்டி வைக்கலாம்தானே?" என்று கேட்டேன். "இது வீடில்லப் புள்ள" என்றார்.

பிறகு மச்சி ஒருத்தியின் வீட்டில் ஒரு சின்ன அறை கிடைத்தது. பழைய தகரக் கூரை, பத்துக்கு எட்டு அடி. அங்கே போன அன்று பெரியம்மா செய்த முதல் வேலை, கதவைச் சாத்தி, முக்காட்டைக் கழற்றிக் கொடியில் போட்டு, தலையில் எண்ணெய் வைத்தது. மச்சி இன்றும் அதைச் சொல்லி அழுவாள்.

வீடு என்றால் என்ன என்று கட்டடக்கலைஞர்கள் பெரிய புத்தகம் எழுதியிருப்பார்கள். எனக்குப் பெரியம்மாவின் விளக்கம் போதும். முக்காட்டைக் கழற்றக்கூடிய இடம் வீடு. கதவைச் சாத்துகிற உரிமை உள்ளே இருப்பவரிடம் இருந்தால் அது வீடு. வெளியே இருப்பவரிடம் இருந்தால், எத்தனை மாபிள் பதித்தாலும் அது விடுதிதான்.

ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாக வரும். அதனால் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதியோர் இல்லங்களுக்குப் போகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. ஒரு தடவை ஒரு மூதாட்டி என் மாணவியிடம் கேட்டார்: "இண்டைக்கு ஆற்ற சாப்பாடு பிள்ளை?" மாணவிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. வெளிநாட்டில் உள்ளவர்கள் தகப்பனின் நினைவு நாளுக்கோ மகனின் பிறந்த நாளுக்கோ காசு அனுப்பி, இல்லங்களுக்குச் சாப்பாடு கொடுப்பார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த மூதாட்டி ஒவ்வொரு நாளும் தனக்குத் தெரியாத யாரோ ஒருவருடைய திவசத்தையும் பிறந்த நாளையும்தான் சாப்பிடுகிறார். "இன்றைக்கு உங்களுக்கு என்ன சாப்பிட விருப்பம்?" என்று அவரிடம் கேட்கப்பட்டு எத்தனை வருடமோ.

எங்கள் பக்கத்தில் "கைதடி" என்று சொன்னாலே பலருக்கு ஊர் ஞாபகம் வராது, அரச முதியோர் இல்லம்தான் ஞாபகம் வரும். "என்னைக் கைதடிக்கு அனுப்பிப்போடாதே" என்று வயதானவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது அந்த இல்லத்தின் குறையைச் சொல்கிற பேச்சல்ல. ஒருவரும் இல்லாத எத்தனையோ பேரை மாகாண சமூக சேவைகள் திணைக்களம் அங்கே வைத்துப் பார்க்கிறது. அந்தப் பேச்சில் இருப்பது ஊரை விட்டுப் போகிற பயம். படலையைத் திறந்தால் தெரிந்த முகம் தெரியாத இடத்துக்குப் போகிற பயம். எங்கள் சமூகத்துக்கு அந்தப் பயம் புதிதல்ல. ஒரு தடவை இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போனவரை, எண்பது வயதில் இரண்டாம் தடவையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப் போகிறோமா?

உலகம் இதில் என்ன செய்திருக்கிறது என்று தேடி வாசித்தேன். பணக்கார நாடுகள்தான் முதலில் பெரிய பெரிய இல்லங்களைக் கட்டின. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் அறை, நடுவில் தாதியர் மேசை. பிறகு அவர்களே அதை விட்டு வரத் தொடங்கினார்கள். டென்மார்க் 1980களின் கடைசியில் சட்டம் கொண்டுவந்து பழைய மாதிரி இல்லங்கள் கட்டுவதையே நிறுத்தியது. ஜப்பானில் ஞாபக மறதி நோய் உள்ளவர்களுக்கான குழு வீடுகளில் ஒரு பிரிவுக்கு ஐந்து முதல் ஒன்பது பேர்தான். சோறு ஆக்குவதிலும் உடுப்பு மடிப்பதிலும் அவர்களும் கூட நிற்பார்கள்.

நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற சிறு நகரத்தில் 2009இல் ஹோகவேக் என்று ஞாபக மறதி உள்ளவர்களுக்கு ஒரு கிராமமே கட்டினார்கள். ஒரு வீட்டில் ஆறேழு பேர். உள்ளே தெரு, கடை, மரங்கள். தெருவில் யாரும் நடந்து திரியலாம்.

அமெரிக்காவில் பில் தோமஸ் என்ற வைத்தியர் தொடங்கிய "கிரீன் ஹவுஸ்" வீடுகளில் முதலாவது 2003இல் மிசிசிப்பி மாநிலத்தில் டுபெலோ என்ற ஊரில் திறந்தது. ஒரு வீட்டில் பத்து, பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் சொந்த அறை, சொந்தக் குளியலறை. நடுவில் திறந்த குசினி, ஒரு நீளமான சாப்பாட்டு மேசை. சமைப்பதும், குளிப்பாட்டுவதும், பேச்சுத் துணையாக இருப்பதும் ஒரே பணியாளர்கள். அந்தப் பணியாளர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் "ஷஹ்பாஸ்". ஆம், எங்கள் பிள்ளைகளுக்கு வைக்கிற அதே பாரசீகப் பெயர்தான். அரச வல்லூறு என்று பொருள். கூலியாள் என்ற நினைப்பை மாற்றத்தான் அந்தப் பெயர்.

தமிழ்நாட்டில், 2004 சுனாமிக்குப் பிறகு ஆதரவிழந்த முதியவர்களுக்காக ஹெல்ப்ஏஜ் இந்தியா கடலூர் மாவட்டத்தில் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. அதுவும் ஒரு பெரிய மண்டபமல்ல, சிறு வீடுகள்தான்.

கனடாவில் இருக்கும் உறவுகளுக்கு இன்னொரு விசயம் நன்றாகத் தெரியும். 2020இல் கொரோனாவின் முதல் அலையில் அந்த நாட்டில் இறந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் அளவில் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். ஓர் அறையில் நாலு கட்டில் போட்ட பழைய இல்லங்களில் நோய் வேகமாகப் பரவியது. இங்கே நாங்கள் போட நினைப்பது ஓர் அறையில் இருபது கட்டில். அவர்கள் காசு கொட்டிக் கட்டி, உயிர்களை இழந்து, கைவிட்ட ஒன்றை நாங்கள் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை.

சொல்லப்போனால் எங்களுக்கு டென்மார்க்கும் டுபெலோவும் வேண்டாம். யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டைப் பாருங்கள். தெருவோரம் படலை, வசதியான வீடென்றால் கூரை போட்ட சங்கடப்படலை. வழிப்போக்கர் இருந்து போக இரண்டு பக்கமும் திண்ணை. உள்ளே போனால் நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள். பின்னால் குசினி, கிணறு, முருங்கை. வயதானவர் திண்ணையில் இருந்தால் தெரு தெரியும், முற்றத்தில் இருந்தால் வானம் தெரியும், அறைக்குள் போனால் யாருக்கும் அவர் தெரியமாட்டார். எவ்வளவு நேரம் எங்கே இருப்பது என்பதை அவரே தீர்மானிப்பார்.

சோனகதெருப் பக்கத்து வீடுகளில் இன்னொன்றும் இருந்தது. மதிலில் அல்லது வேலியில் ஒரு பொட்டு. பெண்கள் தெருவில் இறங்காமலே அந்தப் பொட்டு வழியாக அடுத்த வீட்டுக்கும், அதற்கடுத்த வீட்டுக்கும் போய் வருவார்கள். என் உம்மம்மா ஐந்து வீடு தாண்டிப் போய்க் கதைத்துவிட்டு வருவாராம், தெருவை மிதிக்காமல். ஐந்து வீட்டிலும் யாருக்குக் காய்ச்சல், யார் இன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை என்பது அசருக்கு முன் எல்லாருக்கும் தெரியும். இன்று கமராவால் செய்ய முடியாத வேலையை அன்று அந்தப் பொட்டு செய்தது.

போன கிழமை ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவிலும் ஐந்துசந்திப் பக்கத்திலும் ஒன்பது பெரியவர்களைப் போய்ப் பார்த்தேன். "உங்களால தனிய இருக்க ஏலாமப் போனா, என்ன மாதிரி இடமெண்டா போவீங்க?" என்று கேட்டேன். கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரைத் தவிர யாரும் கோபப்படவில்லை. யோசித்து வைத்திருந்தவர்கள் போலப் பதில் சொன்னார்கள்.

ஒருவர், பாங்கு சத்தம் பள்ளியிலிருந்து நேராகக் காதில் விழ வேண்டும், போனில் வேண்டாம் என்றார். ஒருவர், தன் தையல் மெஷினைக் கொண்டுவர விடுவார்களா என்று கேட்டார். கண் தெரியாது, தைக்கவும் மாட்டார், ஆனால் வேண்டும். ஒரு மாமா, "கடைத்தெரு தெரியவேணும். ஆர் கடை திறந்திருக்கு, ஆர் பூட்டியிருக்கு எண்டு பாக்காட்டி எனக்கு விடியாது" என்றார். ஒரு உம்மா, நோன்பு திறக்கிற கஞ்சிக்கு வெங்காயம் உரிக்கவாவது தன்னை விட வேண்டும் என்றார். இன்னொருவர், பேரப்பிள்ளை வந்தால் தன்னோடு ஒரு இரவு பாய் போட்டுப் படுக்க இடம் வேண்டும் என்றார். கோபப்பட்டவர் கடைசியில் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "திறப்பு ஆரிட்ட இருக்கும்?"

அந்த ஒன்பது பதிலிலிருந்து நான் கேட்க வருவது இதுதான்.

நாற்பது கட்டில் வேண்டாம். ஊருக்குள், பள்ளிவாசலுக்கு நடக்கிற தூரத்தில், எட்டுப் பெண்களுக்கு ஒரு வீடு. அதே தெருவில் எட்டு ஆண்களுக்கு ஒரு வீடு. இன்னும் கூரை போடாத, உரிமையாளர் விற்கவோ வக்பு செய்யவோ தயாராக உள்ள பழைய காணிகள் எங்கள் தெருக்களில் உண்டு. இந்த இரண்டு வீடு நன்றாக நடந்தால் மூன்றாவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. சின்னதென்றாலும் பரவாயில்லை. உள்ளிருந்து பூட்டலாம், அவசரமென்றால் வெளியிலிருந்து திறக்கலாம், அப்படிப் பூட்டு கடையில் வாங்கலாம். சொந்தப் பெட்டகத்துக்கும் தையல் மெஷினுக்கும் இடம். கட்டிலில் இருந்தால் கால் தரையில் படுகிற உயரம். கால் கிப்லாப் பக்கம் நீளாதபடி கட்டிலை வைக்க வேண்டும் என்பதை வரைபடம் போடும்போதே யோசிக்க வேண்டும்.

கட்டிலிலிருந்து மலசலகூடத்துக்குப் போகிற வழியில் படி இருக்கக் கூடாது. இரவு முழுக்க ஒரு சின்ன வெளிச்சம். பிடித்து எழும்பக் கைபிடி. இருக்கிற மாதிரிக் கொமோட். ஈரத்தில் வழுக்காத சொரசொரத் தரை. வுழூச் செய்ய இருக்கையும் முழங்கால் உயரத்தில் குழாயும். குனிந்து கால் கழுவப் போய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதற்குப் பிறகு பலர் எழும்பவே இல்லை.

குசினி நடுவில் இருக்க வேண்டும். காலையில் தேங்காய் துருவுகிற சத்தமும் சம்பல் வாசமும் அறைக்கு வர வேண்டும். நேரம் தெரியாதவருக்கும் அது விடிந்துவிட்டது என்று சொல்லும். இருந்தபடி மரக்கறி வெட்டத் தாழ்வான மேசை ஒன்று. எப்போது வேண்டுமானாலும் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கச் சுடுதண்ணிப் போத்தல் ஒன்று.

ஞாபகம் தடுமாறுகிறவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். அவர்களைக் கட்டிலில் கட்டிவைக்காமல் இருக்க, முற்றத்தைச் சுற்றி எங்கேயும் முட்டாமல் நடந்து திரும்புகிற ஒரு பாதை போதும். படலைக்கு உள்ளே நிழலில் ஒரு திண்ணை. "பஸ் வரும், இருங்கோ" என்று சொன்னால் அதில் இருந்துவிட்டுத் திரும்பி வருவார்கள்.

வயதானவர்கள் எல்லாரும் இங்கே வந்து தங்க வேண்டும் என்றில்லை. சொந்த வீட்டில் இருக்கக்கூடியவர்கள் சொந்த வீட்டிலேயே இருக்கட்டும். பகலில் வந்து சாப்பிட்டு, கதைத்து, அசருக்குப் பிறகு திரும்பிப் போகட்டும். வருடக்கணக்கில் நித்திரை கொள்ளாத அந்த ஒற்றை மகளுக்கு இரண்டு கிழமை ஓய்வு கொடுக்க, ஓர் அறையை வெறுமையாக வைத்திருப்போம். அடுத்த வீட்டு மதிலில் ஒரு பொட்டும் வைப்போம், அந்த வீட்டார் சம்மதித்தால்.

செலவு? இதைக் கட்டாயம் பேச வேண்டும். எட்டுப் பேர் உள்ள வீட்டிலும் இரவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். பகலில் இருவர். லீவுக்கு மாற்றாள். கணக்குப் போட்டால் ஒரு வீட்டுக்கு ஐந்து பேருக்காவது மாதச் சம்பளம் வேண்டும். ஆளுக்கு விழுகிற செலவு மண்டபத்தை விடச் சிறிய வீட்டில் கூடத்தான் வரும். இரண்டு வீடும் ஒரே தெருவில் இருந்தால் கணக்குப் புத்தகம், மருந்து, ஓட்டோ எல்லாவற்றையும் பகிரலாம், கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கட்டடத்துக்குக் காசு வரும், கல்லில் பெயர் பொறிக்கலாம். சம்பளத்துக்குக் காசு வராது, சம்பளப் பட்டியலில் யாருடைய பெயரைப் பொறிப்பது? அதனால்தான் திறப்புவிழாவில் பளபளத்த எத்தனையோ கட்டடங்கள் ஐந்தாம் வருடம் ஆளில்லாமல் கிடக்கின்றன. அந்தச் சகோதரரிடம் என் பணிவான வேண்டுகோள்: நாற்பது கட்டிலுக்கான சீமெந்துக் காசில் பாதியை வீட்டுக்குப் போடுங்கள், மறு பாதியில் இரண்டு கடை வாங்கி வக்பு செய்யுங்கள். 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் இருக்கிறது, முறையாகப் பதியலாம். கடை வாடகை மாதாமாதம் சம்பளமாகட்டும். உங்கள் உம்மா வாப்பாவுக்கு நன்மை ஒவ்வொரு மாதமும் போய்ச் சேரும். ஓய்வூதியம் உள்ளவர்கள் தங்கள் பங்கைக் கட்டட்டும். இல்லாதவர்களுக்கு ஸக்காத் நிதி இருக்கிறது. வீட்டை முதியோர் சட்டத்தின் கீழ் பதிவு செய்து, கணக்கை வருடா வருடம் ஜமாஅத்தார் முன் வைப்போம்.

வேலைக்கு ஆள்? பராமரிப்பாளர் பயிற்சி எடுத்து, சான்றிதழோடு வெளிநாடு போகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். என்னிடம் படித்தவர்களும் அதில் உண்டு. யாரோ ஒரு நாட்டில் யாரோ ஒருவரின் உம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டக் கற்ற பிள்ளைக்கு, ஊரில் மரியாதையான சம்பளமும் மரியாதையான பெயரும் கொடுத்தால் இரண்டு பேராவது நிற்பார்கள். "ஷஹ்பாஸ்" என்று கூப்பிடத் தேவையில்லை. "வேலைக்காரி" என்று கூப்பிடாமல் இருந்தால் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு இது பற்றிய கூட்டம் இருக்கிறது. பெண்களுக்கும் இடம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள், நன்றி. நான் வருவேன், ஒன்பது பதிலும் எழுதிய கொப்பியோடு. நீங்களும் வாருங்கள். வரும்போது உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டி வாருங்கள். நடக்க முடியாதென்றால் ஓட்டோவுக்கு நான் ஒழுங்கு செய்கிறேன், உள்பெட்டியில் எழுதுங்கள். வரைபடத்தை முதலில் அவர்கள் கையில் கொடுத்து, எந்தக் கட்டிலில் படுக்க விருப்பம் என்று கேட்போம்.

யா அல்லாஹ், எங்கள் பெற்றோர் எங்களைச் சின்ன வயதில் பார்த்தது போல, அவர்களின் முதுமையில் அவர்களைப் பார்க்க எங்களுக்குக் கையும் மனமும் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.